முட்டுக்கட்டைத் தாத்தா

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தோட்டத்துக்குப் போனால் சின்னத் தாத்தா சட்டென்று உள்ளே கால் வைக்க மாட்டார். முதலில் குடைதான் இறங்கும். புதிதாகக் கொத்திவிட்ட மண், எலி பறித்துப் போட்ட மண், யாரோ குழி தோண்டி மூடின தடம், எதைக் கண்டாலும் சரி, குடையைச் சாய்த்துப் பிடித்து அதன் இரும்புக் கூரால் மெள்ள மெள்ளக் குத்திப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கால். எங்களுக்கு இது பெரிய வேடிக்கை. நாலைந்து பொடியன்கள் ஆளுக்கொரு குச்சியோடு பின்னால் வரிசை கட்டி நின்று அவரைப் போலவே குத்திக்கொண்டு போவோம். ஒரு நாள் நான் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி ஓங்கிக் குத்தினேன். பிடரியில் ஒன்று விழுந்தது.

"ஏலேய், நேரா குத்தாதே. சாய்ச்சுக் குத்து. நேரா குத்துனா செத்துருவே."

கடலைக்காட்டில் குச்சியால் குத்தினால் எப்படிச் சாவேன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

எங்கள் ஊர் மம்சாபுரத்துப் பக்கம். ஒரு கை நீட்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர், மறு கை நீட்டினால் ராஜபாளையம். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க ஒரு ஊர், பல் பிடுங்க இன்னொரு ஊர் என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். சின்னத் தாத்தா என் அப்பாவைப் பெற்றவருக்குத் தம்பி. ஊருக்கு அவர் 'மிலிட்டரிக்காரர்'. எங்கள் ஆச்சி மட்டும் 'பட்டாளத்தான்' என்பாள், அதில் கொஞ்சம் ஏளனமும் இருக்கும். இந்தப் பட்டாளம் என்ற சொல்லே ஐரோப்பியனிடமிருந்து வந்ததுதான். படாலியன் என்று அவன் சொன்னதை நாம் நம் வாய்க்குத் தக்கபடி வளைத்துக்கொண்டோம். இப்போது பட்டாளம் என்றால் பிள்ளைகுட்டிகளோடு கல்யாண வீட்டுக்கு வருகிற கூட்டம் என்றாகிவிட்டது.

போன வருஷம் பழைய வீட்டை இடித்துக் கட்ட முடிவானபோது பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு கம்பளிச் சட்டை, மஞ்சள் உலோகத்தில் ஆறு முனை நட்சத்திரங்கள் இரண்டு, ஒரு சதுரத் துணித் துண்டு. நட்சத்திரங்களில் ஒன்றின் நாடா மணல் நிறம், நடுவே சிவப்புக் கோடு. அது ஆப்பிரிக்கா ஸ்டார். மற்றதில் சிவப்பு, வெள்ளை, பச்சை. இத்தாலியக் கொடியின் நிறங்கள். அது இத்தாலி ஸ்டார். இவை இரண்டையும் கூகுளில் தேடி அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். என்னை நிறுத்தி வைத்தது அந்தத் துணித் துண்டுதான். கறுப்புச் சதுரத்தில் சிறகு விரித்த சிவப்புக் கழுகு. தோளில் தைத்துக்கொள்கிற சின்னம். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது.

சிவப்புக் கழுகு என்றால் 4-வது இந்திய டிவிஷன். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன காலாட்படை டிவிஷன்களில் முதலில் கிளம்பியதும் அதிகம் பேசப்பட்டதும் இதுதான். போர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1939 ஆகஸ்டிலேயே, அதன் முதல் பகுதி எகிப்துக்குக் கப்பலேறிவிட்டது.

டிவிஷன் என்றால் என்னவென்று எனக்கும் முதலில் தெரியாது. படம் பார்த்துப் பழகிய மூளைக்கு, துப்பாக்கியோடு ஓடுகிற ஒரு பெரிய கூட்டம் என்றுதான் தோன்றும். விசாரித்தால் அது ஒரு நடமாடும் ஊர். ஏறத்தாழ 17,000 பேர். மூன்று பிரிகேட், ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன், அதில் ஒன்று வெள்ளைக்காரர்களுடையது, இரண்டு நம்மவர்களுடையது. இவர்கள்தான் காலாட்கள். இவர்களுக்கு மேல் பீரங்கிக்காரன், டாக்டர், சமையல்காரன், கோவேறு கழுதை ஓட்டுகிறவன், தபால் பிரிக்கிறவன், செத்தவனைப் புதைக்கிறவன், லாரி ரிப்பேர் பார்க்கிறவன். அப்புறம் சாப்பர்கள். ரோடு போடுவது, பாலம் கட்டுவது, தண்ணீர் கண்டுபிடிப்பது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது எல்லாம் இவர்கள் பாடு. மூன்று ஃபீல்டு கம்பெனி, தளவாடத்துக்கும் பட்டறைக்குமாக ஒரு ஃபீல்டு பார்க் கம்பெனி. 4-வது டிவிஷனில் இந்த நான்கில் இரண்டு மெட்ராஸ் சாப்பர்கள்: 12-வது ஃபீல்டு கம்பெனி, 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. மற்றவை வங்காளம், பம்பாய்ப் பெயர் தாங்கியவை. சின்னத் தாத்தா இருந்தது 12-ல்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறுத்தியது. காலாட்படை டிவிஷன் என்று பெயர். அதன் காலாட்களைப் பார்த்தால் பஞ்சாபிகள், ராஜபுதனத்தார், கூர்க்கர்கள், மராட்டியர்கள், பட்டாணியர்கள். தமிழன் எங்கே? மண்வெட்டியோடு நிற்கிறான். ஏன்?

காரணம் பழசு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்ததில் பெரும்பங்கு மெட்ராஸ் சிப்பாய்களுடையது. ஆனால் 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு ஒரு ஞானோதயம் வந்தது: வடக்கத்தியான்தான் சண்டைக்கு லாயக்கு, தெற்கத்தியான் சோறு தின்று சொகுசு கண்டுவிட்டான். 1880-களில் மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதியாக இருந்துவிட்டுப் பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் இந்த எண்ணத்துக்குப் பெரிய பூசாரி. 'வீர இனங்கள்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920-களின் முடிவுக்குள் ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். நடுவில் தப்பியது சாப்பர்கள் மட்டுமே. 1780-ல் தொடங்கிய படை. அதைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் வேலை நடக்க வேண்டுமே. முள்வேலியை உடைக்கக் குழாயில் வெடிமருந்து அடைத்துத் தள்ளுகிற 'பெங்களூர் டார்பிடோ'வை 1912-ல் உருவாக்கியவர்களும் இவர்கள்தான், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு. அதே ஊர்க்காரன், அதே சோறு, அதே ரத்தம். துப்பாக்கி கொடுத்தால் லாயக்கில்லை, துப்பாக்கிக்காரனுக்கு முன்னால் போய்க் கண்ணிவெடி தோண்டச் சொன்னால் மட்டும் லாயக்கு. இந்தத் தர்க்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சின்னத் தாத்தாவுக்கு இதில் வருத்தம் இருந்ததா? கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதில் தேரைப் பற்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் எவ்வளவு பெரியது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அது நிலைக்கு வந்து சேர நாட்கணக்கில் ஆகும் என்பார்கள். சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைப் போட்டுப் போட்டுத் தேரைத் திருப்புகிறவர்கள் இருப்பார்கள் அல்லவா, சிறுவயதில் இவர் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு எடுபிடி. "வடம் பிடிக்கிறவனுக்குச் சாமி முகம் தெரியாது, முதுகுப் பக்கம்ல இருக்கு. கட்டை போடுறவனுக்கும் தெரியாது, அவன் சக்கரத்தைப் பாத்துக்கிட்டிருக்கான். நான் பட்டாளத்துலயும் அதே கட்டைதான் போட்டேன்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அவர் முட்டுக்கட்டைத் தாத்தா. தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம் இருப்பது தெரிந்தும் அவர் சிரித்துக்கொண்டார்.

அவர் பெங்களூரில் பயிற்சி முடித்து டிவிஷனில் போய்ச் சேர்ந்தது 1942-ல். அதற்குள் சிவப்புக் கழுகு நிறையப் பார்த்துவிட்டிருந்தது. 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பரானியில் இத்தாலியர்களைப் பின்பக்கமாகப் போய் அடித்து மூன்றே நாளில் 38,000 பேரைக் கைதியாக்கினார்கள். ஜெயித்த கையோடு, அந்த வெற்றியை ருசிக்கவிடாமல், டிவிஷனைப் பிடுங்கி சூடானுக்கு அனுப்பினார்கள். எரித்ரியாவில் கெரன் என்ற மலைக்கோட்டை. 1941 பிப்ரவரி தொடங்கி மார்ச் 27 வரை அந்த மொட்டைப் பாறைகளில் ஏறி ஏறி விழுந்தார்கள். பிறகு சிரியா, மறுபடி பாலைவனம், ஜெர்மன் தளபதி ரோம்மலோடு மல்லுக்கட்டு. இதெல்லாம் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது, நான் இங்கே அளக்கப் போவதில்லை.

எகிப்தின் எல் அலமெய்னில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன், குடைக்கதை அங்கிருந்துதான் ஆரம்பம். 1942 அக்டோபரில் ஜெர்மானியர்கள் தங்களுக்கு முன்னால் ஏறத்தாழ 5 லட்சம் கண்ணிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். 'பிசாசின் தோட்டம்' என்று பெயர். கண்ணி எடுக்க இரண்டு வழி. ஒன்று, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டுப் போன்ற கருவியை மண்ணுக்கு மேலே ஆட்டிக்கொண்டே போவது. உலோகம் இருந்தால் சத்தம் மாறும். கருவி கெட்டுப்போனால், பற்றாக்குறையானால், கண்ணியே மரப்பெட்டியில் செய்ததாக இருந்தால், இரண்டாவது வழி. வயிற்றால் ஊர்ந்து, துப்பாக்கிக் கத்தியை மண்ணில் செருகிச் செருகிப் பார்ப்பது. செங்குத்தாகச் செருகினால் முனை கண்ணியின் தலையில் அழுத்தும், வெடித்துவிடும். சாய்த்துச் செருகினால் பக்கவாட்டில் இடித்து நிற்கும். கை உணர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் வித்தை. அந்த ஒரு வித்தையை நாலு வருஷம் செய்த கை, எங்கள் கடலைக்காட்டில் நாற்பது வருஷம் கழித்தும் அதை விடவில்லை.

அலமெய்னில் 4-வது டிவிஷனுக்குப் பெரிய பங்கு கொடுக்கப்படவில்லை. சண்டை முடிந்து மற்றவர்கள் ரோம்மலைத் துரத்திக்கொண்டு ஓட, இவர்களைப் போர்க்களத்தில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களைப் பொறுக்க விட்டுவிட்டார்கள். டிவிஷன் தளபதி டூக்கருக்கு இதில் மகா கோபம். அந்தக் கோபத்தைத் துனிசியாவில் தீர்த்துக்கொண்டார். 1943 ஏப்ரலில் வாடி அகாரிட் குன்றுகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கூர்க்கர்கள் குக்ரிக் கத்தியோடு ஏறிப் பிடித்தார்கள். லால் பகதூர் தாப்பாவுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது அங்கே. மே 12-ம் தேதி ஆப்பிரிக்காவிலிருந்த அச்சுநாட்டுப் படைகளின் தலைவர் ஃபான் ஆர்னிம் சரணடைந்ததும் இந்த டிவிஷனிடம்தான்.

அடுத்து இத்தாலி. கசினோ.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நான் இதை ஒரு கணக்காகச் சொல்கிறேன். வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம் 192 அடி, பதினோரு நிலை. அரசாங்கக் காகிதங்களில் நம் கோபுரம்தான் முத்திரையாக இருக்கிறது என்று நாம் பெருமை அடித்துக்கொள்கிற அதே கோபுரம். அதில் முக்கால் பங்கு உயரத்துக்கு, அதாவது சுமார் 150 அடிக்கு, ஒரு கல்சுவர் நிற்கிறது. அடியில் 10 அடி கனம். அது ஒரு மடத்தின் சுவர். கி.பி. 529-ல் பெனடிக்ட் என்ற துறவி தொடங்கிய மடம். அந்த மடம் தரையில் இல்லை, 1,700 அடி உயர மலை உச்சியில். ராஜபாளையத்துச் சஞ்சீவி மலையைப் போல நாலைந்து மடங்கு பெரிய ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ரோமுக்குப் போகிற நெடுஞ்சாலை மலையடியில். மேலேயிருந்து ஒருவன் பார்த்தால் கீழே லாரியின் நம்பர் பிளேட்டைத் தவிர எல்லாம் தெரியும். அதைப் பிடித்தால்தான் ரோம்.

இந்தச் சுவரின் கனம் எவ்வளவு என்று டூக்கருக்கு யாரும் சொல்லவில்லை. உளவுத்துறையைக் கேட்டால் உதடு பிதுக்கினார்கள். அவர் ஆளனுப்பி நேப்பிள்ஸ் நகரத்துப் புத்தகக் கடைகளைத் துழாவச் சொன்னார். 1879-ல் வெளியான ஒரு புத்தகம் கிடைத்தது. அதில் இருந்த அளவுகளை வைத்துத்தான் மேலிடத்துக்குக் காட்டமாக எழுதினார்: ஒரு கட்டடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு டிவிஷன் தளபதி புத்தகக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது, ஒன்று அதைக் கனமான குண்டுகளால் தகர்த்துவிடுங்கள், அல்லது மலையைச் சுற்றிப் போக விடுங்கள். பழைய புத்தகக் கடைகளில் பாதி ஆயுளைத் தொலைத்தவன் என்ற முறையில் இந்த ஒரு காரியத்துக்காக எனக்கு டூக்கரைப் பிடிக்கும். அதோடு அந்த மனிதர் நோயில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பீரங்கிப் படையைச் சேர்ந்த டிமோலின் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார்.

1944 பிப்ரவரி 15, காலை. குண்டுவீச்சு விமானங்கள் அலையலையாக வந்து மடத்தை நொறுக்கின. பக்கத்து மேட்டில் பதுங்கியிருந்த டிவிஷன்காரர்களுக்கே விமானங்கள் அன்று வருவது சரியாகச் சொல்லப்படவில்லை. தலைக்கு மேல் வந்தபிறகுதான் தெரிந்தது. மடத்துக்குள் ஜெர்மன் சிப்பாய் யாரும் இல்லை. தஞ்சம் புகுந்திருந்த ஊர் ஜனங்கள்தான் செத்தார்கள். இடிபாடு விழுந்தபிறகு ஜெர்மானியர்கள் நிம்மதியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். முழுச்சுவரைவிட இடிந்த சுவர் ஒளிந்துகொள்ள வசதி. அடுத்தடுத்த ராத்திரிகளில் சஸெக்ஸ் பட்டாலியன், ராஜ்புதானா ரைஃபிள்ஸ், கூர்க்கர்கள் என்று வரிசையாக அனுப்பப்பட்டு வரிசையாக அழிந்தார்கள். குண்டு போட்டது தவறு என்று எழுதுவதற்கு இன்று எனக்கு எந்தச் செலவும் இல்லை. ஆனால் கீழே படுத்திருந்தவனுக்கு மேலேயிருந்து அந்தச் சுவர் தன்னையே உற்றுப் பார்ப்பதாகத் தோன்றியிருக்கும். சின்னத் தாத்தா சொல்வார்: "அது கோயில்னு தெரியும். ஆனா அது போகணும்னுதான் இருந்துச்சு." இதைச் சொல்லிவிட்டு நெற்றியில் விபூதியைச் சரிசெய்துகொள்வார்.

சாப்பர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே இருப்பவர்களுக்குச் சோறும் குண்டும் போக வேண்டும். ஏழு மைல் தூரம் கோவேறு கழுதைப் பாதை, ராத்திரியில் மட்டும், எதிரி பீரங்கி குறிவைத்து வைத்திருக்கிற பாதை. புறப்பட்ட கழுதைகளில் பாதி போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். இதுபோக, மலையின் முதுகுப்புறமாகக் கெய்ரோ என்ற கிராமத்திலிருந்து (எகிப்துக் கெய்ரோ இல்லை, இத்தாலியில் அதே பெயரில் ஒரு பட்டி) ஆட்டுத்தடம் ஒன்று மேலே போனது. அதை வெட்டி, வெடிவைத்து, அகலப்படுத்தி டாங்கிகள் ஏறுகிற ரோடாக மாற்றினார்கள். டிவிஷனின் சாப்பர்கள் ஆரம்பித்து வைத்தது, பிறகு நியூஸிலாந்து எஞ்சினியர்களும் கை கொடுத்தார்கள். கேவண்டிஷ் ரோடு என்று பெயர். அந்த ரோடு ஏறி முடிகிற இடத்தில் கொஞ்சம் சமதளம். போர் வரைபடங்களில் அதற்கு 'மெட்ராஸ் சர்க்கஸ்' என்று போட்டிருக்கிறது!

நான் இதை முதலில் பார்த்தபோது ராத்திரி ஒரு மணி. வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றியது. இத்தாலிய மலையில் ஒரு மெட்ராஸ். பெயர் வைத்தவர்கள் யாராக இருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆனால் அந்த ரோட்டின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்ச் 19-ம் தேதி காலை டாங்கிகள் அந்த வழியே மேலேறி மெட்ராஸ் சர்க்கஸைத் தாண்டி மடத்துக்குப் பின்புறம் போய் நின்றன. ஜெர்மானியர்களுக்குப் பேரதிர்ச்சி. டாங்கி வரவே முடியாத மலை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் டாங்கிகளோடு கூடப் போக வேண்டிய காலாட்கள் அனுப்பப்படவில்லை! காலாள் இல்லாத டாங்கி குறுகிய பாதையில் நிற்கிற எருமை மாதிரி. ஒவ்வொன்றாக அடிபட்டு, மாட்டிக்கொண்டு, சாயங்காலம் மிச்சம் திரும்பியது. உயிரைக் கொடுத்துப் போட்ட ரோடு அன்றைக்கு வீண். அந்த மலை கடைசியில் மே 18-ம் தேதி போலந்துக்காரர்கள் கையில் வந்தது. அவர்களும் அந்த ரோட்டைப் பயன்படுத்தினார்கள்.

இனி ஒருவரைப் பற்றி. சுபேதார் சுப்பிரமணியம், 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி, காஞ்சிபுரத்துப் பக்கம் கீழ்ஒட்டிவாக்கம் ஊர்க்காரர்.   1944-ல், கசினோவுக்குத் தெற்கே மிக்னானோவில் இவரும் இவருடைய ஆட்களும் கண்ணி அகற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் எதிரி ஒருவன்கூட இல்லை. ஜெர்மானியர்களின் எஸ் கண்ணி மிதித்தவுடன் வெடிக்காது. சுமார் நான்கு விநாடி பொறுத்து, இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழுந்து வெடிக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான இரும்பு உருண்டைகள், சுற்றி நிற்கிற எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகும். கூட வந்தவர் காலடியில் கண்ணி கிளம்பிவிட்டது என்று தெரிந்த அந்தச் சில விநாடியில் சுப்பிரமணியம் ஓடவில்லை. அதன் மேல் விழுந்து தன் உடம்பால் மூடிவிட்டார். அவர் போனார். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்குக் கொடுத்தது ஜார்ஜ் கிராஸ். எதிரியின் முன்னால் காட்டுகிற வீரத்துக்கு விக்டோரியா கிராஸ், எதிரி முன்னால் இல்லாதபோது காட்டுகிற அதே அளவு வீரத்துக்கு ஜார்ஜ் கிராஸ். விதிப்படி சரிதான். புதைத்துவிட்டுப் போனவன் எங்கோ அப்பால் இருக்கிறான், புதைத்தது மட்டும் காத்திருக்கிறது. சாப்பரின் சண்டை முக்கால்வாசி இப்படித்தான், ஆளில்லாத எதிரியோடு. பெரும்பாலான தமிழர்களுக்கு 1965 போரில் பேர் வாங்கிய அப்துல் ஹமீது பெயர் தெரிகிற அளவுக்குக்கூட இந்தப் பெயர் தெரியாது. எனக்கும் அந்தக் கழுகுச் சின்னம் கிடைக்கும்வரை தெரியாது.

சின்னத் தாத்தா இவரைப் பார்த்திருக்கிறாரா? பெயரைக் கேட்க எனக்குத் தெரியவில்லை அப்போது. கேட்டிருந்தாலும் அவர் போரைப் பற்றிப் பேசியதே குறைவு. ரோமன் லிபியில் எழுதின உருது படித்ததைச் சொல்வார். இத்தாலியப் பாட்டி ஒருத்தி "பானே, பானே" என்று ரொட்டி கேட்டுக் கை நீட்டியதைச் சொல்வார். சாகும்வரை வீட்டில் யாராவது சோற்றைக் கீழே சிந்தினால் அந்தச் சொல்லைத்தான் முணுமுணுப்பார். டிவிஷன் பிறகு இத்தாலியில் ஜெர்மானியர்கள் அமைத்த காதிக் அரண்களில் சண்டை போட்டது, 1944 செப்டம்பரில் சான் மரினோ என்ற குட்டி நாட்டை விடுவித்தது, அங்கிருந்து கிரேக்கத்துக்குப் போனது. அவருடைய நினைவில் கிரேக்கம் என்றால் குளிரும் ஒலிவ மரமும்தான்.

இவர் அங்கே கண்ணி எடுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இங்கே நம் ஊர்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தனிநபர் சத்தியாகிரகம், பிறகு ஆகஸ்ட் போராட்டம். ராஜபாளையம் காங்கிரஸ் ஊர். பின்னால் 1949-ல் மாகாணத்துக்கே தலைமை ஏற்ற பி.எஸ். குமாரசாமி ராஜாவின் ஊர். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்த மனிதர் அவர். கதர் கட்டின வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவன் காக்கி போட்டுக் கிளம்பினால் ஊர் அவனை எப்படிப் பார்த்திருக்கும்? மலேயாவில் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் நேதாஜிக்குப் பின்னால் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்காவில் பிடிபட்ட நம் சிப்பாய்களில் சிலர் ஜெர்மனியில் நேதாஜியின் இந்தியப் படையில் சேர்ந்தார்கள். 25 லட்சம் பேர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள், ஏறத்தாழ 87,000 பேர் செத்தார்கள். இதில் யார் தேசபக்தர் என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சின்னத் தாத்தா பட்டாளத்துக்குப் போனது மழை பொய்த்த வருஷத்தில். ஆச்சி ஒரே வரியில் சொல்வாள்: "கஞ்சிக்குப் போனான்."

1946-ல் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். போர்க்காலத்தில் சேர்ந்து சில வருஷம் இருந்தவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. ஏதோ ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதி எழுதிப் போட்டார். ஒரு தடவை காகிதத்தைத் திருப்பி அனுப்பி, போரில் கலந்துகொண்டதற்கு அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார்களாம். அவர் இரண்டு நட்சத்திரங்களையும் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார். மேஜையில் இருந்தவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "பித்தளையா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு மனு எழுதவில்லை.

டிவிஷன் அவரை விட்டபிறகும் வாழ்ந்தது. 1947-ல் பஞ்சாப் எல்லையில் கலவரத்தை அடக்க அமைத்த படைக்கு இதன் தலைமையகம்தான் அடிப்படை. தடுக்க முடியாத ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. 1962-ல் இமயத்தில் நம்கா சு, சே லா, போம்டிலா என்று சீனப் படைக்கு முன்னால் சிதறியதும் இதே சிவப்புக் கழுகு. ரேடியோவில் போம்டிலா விழுந்த செய்தி வந்த ராத்திரி சின்னத் தாத்தா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார் என்று அப்பா சொல்வார். எல்லாரும் சீனாக்காரன் மேல் கோபம் என்று நினைத்தார்களாம். மூன்றே வருஷத்தில், 1965-ல், அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைக் கரும்புக்காட்டில் தண்ணீரை விட்டுச் சேற்றில் சிக்க வைத்து அடித்ததும் இந்த டிவிஷன்தான். அப்துல் ஹமீது சண்டை போட்டது அங்கேதான். கரும்புக்கு மடை திறந்துவிட்டதைக் கேள்விப்பட்டு சின்னத் தாத்தா ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாராம். தண்ணீரும் சேறும் அவருக்குத் தெரிந்த பாஷை.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரே பொழுதுபோக்கு, பஸ் ஏறிச் சத்திரப்பட்டிக்குப் போவது. அங்கே சம்பந்தி வீடு. ஊர் முழுக்க விசைத்தறி, எல்லாம் பேண்டேஜ் துணி. காலையிலிருந்து ராத்திரிவரை தெருவே கடகடவென்று ஆடும். தறியிலிருந்து இறங்கின காடாத் துணியை விரலால் தடவி, இழை நெருக்கம் எப்படி என்று வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இவ்வளவு துணி எங்கே போகிறது என்று கேட்பார். ஆஸ்பத்திரிக்கு என்று சொல்வார்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று மறுபடியும் கேட்பார்.

பெட்டியில் இருந்தவற்றைப் பங்கு போட்டுக்கொண்டோம். நட்சத்திரங்களைப் பெரியப்பா மகன் எடுத்துக்கொண்டான், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டப் போகிறானாம். கழுகு என்னிடம். கம்பளிச் சட்டையை யாரும் கேட்கவில்லை. குடை டிரங்குப் பெட்டியில் இல்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, எலி கடித்த துணியோடு. கம்பி எல்லாம் துரு. ஓட்டைக் குடை எதற்கு என்று வீட்டில் திட்டினார்கள், நான் கொண்டு வந்துவிட்டேன். மேஜைக்கு அருகில் சாத்தி வைத்திருக்கிறேன். அன்றைக்குத் தரையைப் பெருக்கும்போது அது கீழே விழுந்து உருண்டது. எடுத்து நிமிர்த்தும்போதுதான் பார்த்தேன். கூரின் இரும்பு ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது.